ஆயில் விளக்கு எரிந்த வியாழக்கிழமை

2023 ஆகஸ்ட் 17, வியாழக்கிழமை. ஆடி மாதத்தின் கடைசி நாள். காலை 3.40க்கு எழுந்தேன். குளித்துவிட்டு 4.05க்குப் பாலில்லாத கோப்பி ஒரு குவளை. முந்தைய நாள் குறிப்பில் விட்டுப்போன இரண்டு வரிகளை எழுதினேன்: ஆடி அமாவாசைக்குத் துளசி போதவில்லை, அடுத்த ஆண்டு இரண்டு பெட்டி கூடுதலாகச் சொல்ல வேண்டும். 4.25க்கு வீட்டைப் பூட்டினேன். சிராங்கூன் சாலையின் பின்தெருவில் இருக்கும் எங்கள் பூக்கடைக்கு என் அடுக்குமாடிப் புளோக்கிலிருந்து நடந்தால் ஏழு நிமிடம். கடையைத் திறந்து, மேசைகளைக் கழுவி, நனைத்த சாக்குகளை விரித்து, அன்றைய கோயில்களின் பட்டியலைச் சுவரில் ஒட்டினேன். மாலை கட்டும் பெண்கள் ஐந்தரைக்கு வருவார்கள். அதற்குள் மல்லிகை வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

பத்தொன்பது ஆண்டுகளாக அந்தக் கடையில் சரக்குக்கும் வண்டிக்கும் நான்தான் பொறுப்பு. பூ இந்தியாவிலிருந்து விமானத்தில் வரும். எங்கள் ஓட்டுநர் விடியுமுன் சாங்கி சரக்குக் கிடங்குக்குப் பிக்கப்பை எடுத்துப் போய், பெட்டிகளை ஏற்றிக்கொண்டு 5.15க்கெல்லாம் திரும்பிவிடுவான். அவனுக்கு முப்பத்தாறு வயது. மன்னார்குடிப் பக்கம். இங்கே வந்து ஆறு ஆண்டுகள்.

4.52க்கு என் கைபேசி ஒலித்தது.

"அண்ணே, அந்த ஆயில் செவப்பு லைட்டு வந்துருச்சு. இந்தத் தடவ கண்ணடிக்கல. நின்னு எரியுது."

"எங்க இருக்க?"

"எக்ஸ்பிரஸ்வேல. கார்கோவ விட்டு நாலு கிலோமீட்டர் வந்துருப்பேன். ஓரங்கட்டிட்டேன்."

"எஞ்சின்?"

"ஆஃப் பண்ணிட்டேண்ணே."

"திரும்பப் போடாத. சாவிய எடுத்துப் பையில வச்சுக்க. தடுப்புக்கு அந்தப் பக்கம் போய் நில்லு."

அந்த வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை லிட்டர் டீசல் பிக்கப், நான்கு சிலிண்டர், பதின்மூன்று வயது. பத்தாண்டு முடிந்தபோது அதன் ஓடும் உரிமையை ஐந்தாண்டு நீட்டித்தோம். அன்று காலை 3,12,460 கிலோமீட்டர் ஓடியிருந்தது. ஒவ்வோர் ஐயாயிரம் கிலோமீட்டருக்கும் எண்ணெய் மாற்றியதற்கு என்னிடம் தேதி இருக்கிறது. ஒன்றுகூடத் தவறியதில்லை.

பதினான்கு பெட்டி மல்லிகையை மாற்றி ஏற்ற ஒரு வாடகை வேனை அனுப்பிவிட்டு முதலாளியை அழைத்தேன். அவர் 5.20க்கு வந்தார். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். அவருடைய அப்பா என்னை வேலைக்கு எடுத்த காலத்தில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பழக்கத்தில் இன்றும் என்னை அங்கிள் என்றுதான் கூப்பிடுவார். நாளை ஆவணி பிறக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மூன்று கல்யாண மண்டபம், வண்டி இல்லை. அவர் கோபப்பட்டதில் எனக்குக் குறை இல்லை. கோபத்தை எங்கே கொண்டுபோய் வைத்தார் என்பதில்தான்.

"லைட் எரியுது, எரிய எரிய ஓட்டியிருக்கான். எத்தனை நாளா?"

"செவ்வாய்க்கிழமை சொன்னான் பாஸ். எங்கிட்டதான் சொன்னான்."

"சொன்னாப் போதுமா? நிறுத்தணும்லா."

"ஓட்டச் சொன்னது நான்."

அவர் காதில் அது விழவில்லை. அதற்குள் மெக்கானிக்கை அழைத்துவிட்டார். எங்கள் மெக்கானிக் ஜோகூர்த் தமிழர். நாள்தோறும் மோட்டார் சைக்கிளில் கடற்பாலத்தைத் தாண்டி வந்து பிடோக் தொழிற்பேட்டையில் உள்ள பட்டறையைத் திறப்பவர். முதலாளி கைபேசியை மாலை கட்டும் மேசைமேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டார். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடி வரிசையின் ஹார்ன் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ஆயில் லைட்டா? எரிஞ்சப்புறமும் ஓட்டுனானா? அப்போ பேரிங் போச்சுலா பாஸ். அந்த வயசு எஞ்சினு, அதுக்கு மேல தாங்காது. எறக்கி ஓவரால் பண்ணணும், இல்ல ஸ்கிராப்."

முப்பது கிலோமீட்டருக்கு அப்பால், தலைக்கவசத்துக்குள் இருந்தபடி, வண்டியின் மூடியைக்கூடத் திறக்காமல் அந்த மனிதர் எஞ்சினைக் கொன்றுவிட்டார். முதலாளி அதற்கு ஈமச்சடங்கும் முடித்துவிட்டார்.

"கேட்டீங்கல்ல? எஞ்சினை முடிச்சிட்டான். ஏஜென்ட்டுகிட்ட வேற டிரைவர் ரெடியா இருக்கான். இன்னிக்குச் சாயங்காலம் இவன் பெர்மிட்டை கேன்சல் பண்றேன்."

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்கிறேன். வேலை அனுமதி முதலாளியின் பெயரில் இருப்பது. அவர் திரையில் நான்கு இடத்தில் அழுத்தினால் போதும், ஒரு மனிதன் சில நாள்களுக்குள் பெட்டியைக் கட்டியாக வேண்டும். இவன் இந்த ஊர் ஓட்டுநர் உரிமத்துக்கான தேர்வில் இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை தேறியவன். வண்டியை நாசமாக்கியதால் அனுப்பினோம் என்று எழுதிவிட்டால் இன்னொருவர் அவனை ஓட்டுநராக எடுப்பது கடினம்.

"பாஸ், ஆறு மணி வரைக்கும் விடுங்க. எஞ்சின்ல என்னன்னு பாத்துட்டு வர்றேன்."

"நீங்க என்ன மெக்கானிக்கா அங்கிள்?"

"ரெண்டரை வருஷம் ஆர்மில வண்டிதான் பழுது பாத்தேன்."

"அது எந்தக் காலத்துல! சரி, ஆறு மணி. அப்புறம் என்னை ஒண்ணும் சொல்லக்கூடாது."

எனக்குக் கோபம் வந்தால் கையெழுத்து சிறிதாகிவிடும். அன்றைய பக்கத்தில் "மாலை 6.00" என்று எழுதியிருப்பதை இப்போது படிக்கக் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

வாடகைக் காரில் போய் 6.15க்கு அவனிடம் சேர்ந்தேன். இழுவை வண்டி வந்துகொண்டிருந்தது. அவன் தடுப்புக்கு அந்தப் பக்கம் புல்லில் உட்கார்ந்திருந்தான். வேன் வரும்வரை தன் குடிதண்ணீரை முழுவதும் பூப்பெட்டிகளின் சாக்கில் ஊற்றியிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"பாஸ் மெசேஜ் போட்டுருக்காருண்ணே," என்று கைபேசியை நீட்டினான்.

எனக்கு மாலை ஆறு மணி வரை என்று வாக்குக் கொடுத்துவிட்டு, காலை 5.41க்கே அவனுக்கு அனுப்பியிருக்கிறார். இரண்டு வரி. பெர்மிட் கேன்சல், துணிமணியை எடுத்து வை. அடியில், வணக்கம் சொல்லும் கைப் படம்.

"இது எதுக்குண்ணே கும்புடு?" என்றான். "ஊருக்குப் போறவனுக்கு ஆசீர்வாதமா?"

நான் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தேன். வாய் திறந்திருந்தால் எழுதத் தகாத சொல்லாக இருந்திருக்கும்.

இழுவை வண்டியின் முன்னிருக்கையில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து பிடோக்குக்குப் போனோம். வழியில் குறிப்பேட்டைத் திறந்து செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை எடுத்தேன். "காலை 5.50. ஆயில் விளக்கு விட்டுவிட்டு எரிவதாக ஓட்டுநர் சொன்னார். எண்ணெய் அளவு பார்த்தேன், இரு கோடுகளுக்கும் நடுவில், சரி. சென்சார் கோளாறாக இருக்கலாம். வியாழன் மாலை பார்க்கவும்."

"நீ அன்னிக்கு என்ன சொன்ன? முழுசாச் சொல்லு."

"அதான், லைட்டு கண்ணடிக்குதுன்னேன்."

"வேற?"

"வேற... ரொம்ப தூரம் வெரட்டி ஓட்டிட்டு சிக்னல்ல நின்னா வருது. ஆஃப் பண்ணி அஞ்சு பத்து நிமிஷம் கழிச்சுப் போட்டா போயிடுது. பெட்டி எறக்குறதுக்குள்ள அதுவே சரியாயிடுதுன்னு சொன்னேனே. நீங்க எழுதிட்டுத்தானே இருந்தீங்க?"

எழுதிக்கொண்டுதான் இருந்தேன். அவன் சொன்னதில் முதல் பாதியை எழுதினேன். இரண்டாம் பாதியை எழுதவில்லை. ஏன் என்று அந்த இருக்கையில் உட்கார்ந்தே யோசித்தேன். விளக்கு எரிகிறது என்பது செய்தி. அணைத்துப் போட்டால் போய்விடுகிறது என்பது ஓட்டுநர்கள் வழக்கமாகச் சொல்லும் கதை என்று என் கை தானாகவே முடிவு செய்திருக்கிறது. துளசி எத்தனை பெட்டி குறைந்தது என்று எழுதுகிறவன், எஞ்சினைப் பற்றி ஒருவன் சொன்ன மிக முக்கியமான வாக்கியத்தை எழுதத் தகுதியற்றது என்று விட்டிருக்கிறேன். முதலாளி காதில் என் பேச்சு விழாததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மெக்கானிக் 8.10க்கு வந்து சேர்ந்தார். கடற்பால நெரிசலில் வெந்து வந்த முகம்.

"ஏன்லா இழுத்துட்டு வந்தீங்க? நேரா ஸ்கிராப் யார்டுக்கே போயிருக்கலாமே."

"மொதல்ல பிரஷர் கேஜ் மாட்டுங்க."

"கேஜ் எதுக்கு? நான் சொல்லிட்டேன்ல."

"நீங்க கடற்பாலத்துல நின்னு சொன்னீங்க. இப்ப வண்டி முன்னாடி நின்னு சொல்லுங்க."

அவர் உறுமிக்கொண்டே உள்ளே போனார். அதற்குள் நான் எண்ணெய் அளவுகோலை உருவித் துடைத்து இரண்டு முறை விட்டுப் பார்த்தேன். இரு கோடுகளுக்கும் நடுவில். ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு முகர்ந்தேன். டீசல் வாடை இல்லை. டீசல் கலந்திருந்தால் எண்ணெய் நீர்த்து அழுத்தம் குறையும். அது இல்லை என்று எழுதினேன்.

மெக்கானிக் திரும்பி வந்து, விளக்குக்குச் செய்தி சொல்லும் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையிலேயே அழுத்தமானியின் குழாயை முறுக்கினார். முள் வைத்த பழைய கேஜ். மின்சாரம் பொய் சொல்லலாம், முள் சொல்லாது. 8.31க்கு எஞ்சினைப் போட்டோம். வண்டி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆறியிருந்தது. முள் ஐம்பதைத் தொட்டு நின்றது.

"அம்பதுண்ணே!" என்றான் ஓட்டுநர்.

"ஆறின எஞ்சினு அப்படித்தான் காட்டும்," என்றார் மெக்கானிக். "சூடாவட்டும். அப்போ தெரியும் ஒங்க அம்பது."

சூடானது. கால் மணி நேரத்தில் இருபத்தைந்து. அது அந்த எஞ்சினுக்கு நல்ல அளவுதான். பிறகு ஓட்டுநரை வேக விசையை மிதித்து ஒரே வேகத்தில் பிடிக்கச் சொன்னேன். முள் நாற்பதுக்கு ஏறியது. இரண்டு நிமிடம் அங்கேயே இருந்தது. பிறகு நடுங்க ஆரம்பித்தது. முப்பத்து மூன்று. இருபத்தாறு. பதினான்கு. மிதித்த கால் மிதித்தபடி இருக்க முள் இறங்கிக்கொண்டே வந்தது. "காலை எடு!" என்று கத்தினேன். விசையை விட்டதும் ஐந்து. உடனே அணைத்தோம்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "போதுமா? அஞ்சு. பேரிங் தேஞ்சா பிரஷர் நிக்காது."

"இப்ப எத்தனை மணி?"

"என்னாலா இது, 8.53."

"9.01க்குப் போடுவோம்."

அந்த எட்டு நிமிடமும் ஓட்டுநர் கைபேசியை எடுத்து அந்த இரண்டு வரியையே மறுபடி படித்துவிட்டுப் பையில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். 9.01க்குப் போட்டோம். எஞ்சின் கொதிக்கும் சூட்டில்தான் இருந்தது. முள் இருபத்தைந்துக்குப் போய் நின்றது.

"இப்ப சொல்லுங்க," என்றேன். "எட்டு நிமிஷம் தூங்கி எந்திரிச்சா தேஞ்ச பேரிங் வளந்துடுமா?"

அவர் நல்ல தொழிலாளி; முகம் மாறிவிட்டது. குனிந்து முள்ளைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார். எண்ணெய் அடியில் உள்ள தொட்டியில் இருக்கிறது. பம்ப் அதை ஒரு சல்லடை வழியாக உறிஞ்சி மேலே தள்ளுகிறது. சல்லடையில் ஏதாவது அடைத்தால் பம்ப்புக்கு எண்ணெய் கிடைக்காது. வேகம் கூடக் கூட அடைப்பு இறுகும். அணைத்தால் உறிஞ்சல் நின்று, ஒட்டியது உதிர்ந்து கீழே விழும். மறுபடி போட்டால் சிறிது நேரம் எல்லாம் சரி. மன்னார்குடிக்காரன் செவ்வாய்க்கிழமை காலை 5.50க்குச் சொன்னது இதைத்தான். கேஜ் இல்லாமலே சொன்னான்.

"தொட்டிய எறக்கணும்," என்றார் மெக்கானிக் மெதுவாக.

எண்ணெயை வடித்து, இருபத்திரண்டு திருகாணிகளைக் கழற்றி, தொட்டியை நெம்பினார். அது வரவில்லை. தகட்டுக் கத்தியை வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுற்றிலும் அறுத்தார். அரை மணி நேரம். தொட்டி விழுந்ததும் மூவரும் பார்த்தோம். சல்லடையின் வாய் முழுக்கக் கறுப்பு ரப்பர்க் கீற்றுகள். மண்புழுக்கள் பின்னிக் கிடப்பது போல. சில விரல் நீளம். தொட்டியும் எஞ்சினும் சேரும் விளிம்பில் கசிவு வராமல் தடவும் சிலிக்கோன் பசை அது. அளவுக்கு மேல் தடவினால் இறுக்கும்போது உட்புறமாகப் பிதுங்கும். காய்ந்து, எண்ணெயில் ஊறி, ஒரு நாள் அறுந்து விழும்.

எனக்குக் கண்ணில் சிவப்பு ஏறியது. "இது யார் வேலை? ஒங்க வேலை! மே மாசம் நீங்க ஒட்டுனது! இட்லி மாவு மாதிரி அப்பி வச்சிருக்கீங்க. ஒங்களால ஒருத்தன் பெர்மிட் போகுது, தெரியுமா? காலையில வாய் கூசாம அவன்தான் கெடுத்தான்னு சொன்னீங்களே!"

அவரும் சுத்தியலைத் தரையில் போட்டார்.

"அப்ப நானும் சொல்றேன் கேட்டுக்குங்க! மொத தடவை அளவாத்தான் ஒட்டுனேன். வண்டிக்கு அடியில வச்ச அட்டையத் தூக்கிட்டு வந்தீங்க, ஒரு சொட்டு விழுந்துருக்குன்னு. ரெண்டாவது தடவை பிரிச்சு ஒட்டுனேன். மறுபடி அட்டை! தேதி போட்டு, சொட்டைச் சுத்தி பேனாவால வட்டம் போட்டு! 'ஒரு சொட்டுகூட விழக்கூடாது'ன்னு சொன்னது யாரு? இந்த வயசு வண்டி ஒரு சொட்டு விடும்லா, அது ஒண்ணும் தப்பில்லன்னு சொன்னேனா இல்லையா? மூணாவது தடவை ஒங்க அட்டைய நெனச்சாலே எனக்கு நடுக்கம். ரெண்டு குழாய் பசையும் தீத்துட்டேன். விழுந்துச்சா அப்புறம்?"

விழவில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்.

பங்குனி உத்திரத்தன்று தொடங்கியது அது. கோயில் வாசலில் பிக்கப்பை நிறுத்திப் பூ இறக்கினோம். வண்டி நகர்ந்த பிறகு தரையில் நான்கைந்து கறுப்புச் சொட்டுகள். பால்குடம் எடுத்து வெறுங்காலோடு வந்த பெண்கள் அதை மிதித்து, கோயில் படியெல்லாம் கரிய குதிகால் தடம். கோயிலிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார்கள். எங்கள் வண்டி போகும் இடமெல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடக்கும் இடம். எனக்கு அவமானமாக இருந்தது. அன்று முதல் ஒவ்வோர் இரவும் எஞ்சினுக்கு அடியில் ஓர் அட்டை வைத்து, காலையில் எடுத்து, தேதி போட்டேன். சொட்டு குறைந்தால் போதும் என்று நினைக்கவில்லை. மே 11 முதல் மே 24 வரை பதினான்கு நாள் தொடர்ந்து "ஒரு சொட்டும் இல்லை" என்று எழுதியிருக்கிறேன். எழுதும்போது எவ்வளவு மகிழ்ச்சியாக இருந்தது என்பதும் நினைவிருக்கிறது.

அந்த மகிழ்ச்சிதான் இப்போது கறுப்புப் புழுவாகச் சல்லடையில் கிடந்தது. மெக்கானிக்கைத் திட்ட வாயெடுத்தேன். அவர்மேல் இருந்த கோபம் போகவில்லை. என்மேல் அதைவிடப் பெரியது வந்து முன்னால் நின்றுகொண்டது. வாசலில் ஒரு வாளி இருந்தது. அதை உதைத்தேன். அதில் வடித்த எண்ணெய் இருக்கிறது என்பதை உதைத்த பிறகுதான் பார்த்தேன்.

"ஒரு சொட்டா அண்ணே அது?" என்றான் ஓட்டுநர்.

மெக்கானிக் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முட்டி போட்டு மரத்தூளைப் போட்டுத் துடைத்தேன். அவர்கள் இருவரும் சேர்ந்துகொண்டார்கள்.

பிறகு மெக்கானிக் யாரும் கேட்காமலே ஒரு பேரிங்கின் மூடியைக் கழற்றி உள்தகட்டை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். தேய்ந்திருந்தால் சாம்பல் பூச்சு போய்ச் செம்பு தெரியும். தெரியவில்லை.

"லைட்டு வந்தப்பல்லாம் நீ ஆஃப் பண்ணிட்டியா?" என்று அவனைக் கேட்டார்.

"ஆமாண்ணே."

"அதான் பொழைச்சிருக்கு. வேற ஆளா இருந்தா இந்நேரம் எஞ்சினு பூட்டிக்கிட்டு நின்னுருக்கும்லா."

"காலையில பாஸ்கிட்ட இத சொல்லியிருக்கலாமேண்ணே."

அவர் தலையைச் சொறிந்தார். 

சல்லடையைக் கழுவி, புது வடிகட்டி போட்டு, இம்முறை தீக்குச்சி கனத்துக்கு மட்டும் பசை இழுத்து, தொட்டியை ஏற்றினார். பசை காயவேண்டும், மறுநாள்வரை எஞ்சினைப் போடக்கூடாது என்றார். ஆகவே, ஓடும் வண்டியை ஆறு மணிக்குள் காட்ட முடியாது. ரப்பர்க் கீற்றுகளை ஒரு சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினேன். மெக்கானிக்கிடம், நடந்ததை அவர் வாயால் முதலாளியிடம் சொல்லச் சொன்னேன். எங்கள் முன்னாலேயே அழைத்தார். முதலாளி எடுக்கவில்லை. இரண்டு முறை அழைத்தும் எடுக்கவில்லை.

மாலை 5.35க்குக் கடைக்கு வந்தோம். முதலாளி உள்ளறையில் இருந்தார். திரையில் அனுமதிப் பக்கம் திறந்து கிடந்தது. அவன் புகைப்படம், அவன் பெயர். நான் டப்பாவை மேசைமேல் வைத்துத் திறந்தேன்.

"என்ன அங்கிள் இது, மீன் குடலா?"

"பசை. சல்லடைய அடைச்சிருந்தது. பேரிங் நல்லா இருக்கு. எஞ்சின் நாளைக்கு ஓடும். டிரைவர் ஒரு தப்பும் பண்ணல. லைட்டு வர்றதுக்கு முன்னாடியும் பண்ணல, வந்தப்புறமும் பண்ணல."

"அப்ப மெக்கானிக் தப்பு."

"பாதி. சொட்டே விழக்கூடாதுன்னு ரெண்டு தடவை திருப்பி அனுப்பினது நான். செவ்வாய்க்கிழமை டிரைவர் வந்து சொன்னப்போ பாதிய மட்டும் கேட்டுட்டு ஓட்டச் சொன்னதும் நான். யார் மேலயாவது போடணும்னா என் மேல போடுங்க. எனக்குப் பெர்மிட் கெடையாது, நான் இந்த ஊர்க்காரன். அதனாலதானே ஒங்களுக்கு என் பேரே தோணல?"

கடைசி வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. சொல்லிவிட்டேன். முன்னறையிலிருந்து மாலைக்காரப் பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அங்கிள், பெரிய வார்த்தை எல்லாம் பேசறீங்க."

"காலையில 5.41க்கு அவனுக்கு மெசேஜ் அனுப்பினீங்க. எங்கிட்ட ஆறு மணின்னு சொல்லிட்டு. நீங்க அதை கேன்சல் பண்ணீங்கன்னா நான் அவனைக் கூட்டிக்கிட்டு, இந்த டப்பாவையும் எடுத்துக்கிட்டு, பெர்மிட் குடுக்குற அமைச்சுல போய் உக்காருவேன்."

அவர் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு திரையில் அந்தப் பக்கத்தை மூடினார். ஏதோ மின்னஞ்சலை மூடுவது போல. வாசலில் நின்ற ஓட்டுநரைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

"எல்லாம் ஓகேதானேப்பா? சும்மா டென்ஷன்ல சொன்னேன்லா. மனசுல வச்சுக்காத."

"ஓகே பாஸ்," என்றான் அவன். வேறென்ன சொல்ல முடியும்?

அந்த நாள் முழுவதும் பட்ட கோபத்தில் உச்சம் அந்த "ஓகே பாஸ்"தான். அவன்மேல் இல்லை. காலையில் ஒருவனைத் துணிமணி கட்டச் சொல்லிவிட்டு, மாலையில் அவன் வாயிலிருந்தே ஓகே என்ற சொல்லை வாங்கிக்கொண்டு போகும் அந்தச் சுலபத்தின்மேல். மன்னிப்பு என்ற ஒரு சொல் இல்லை. ஏஜென்ட்டிடம் இருக்கும் ஆள் இன்னும் அங்கேயே இருக்கிறான். அடுத்த முறை ஒரு கண்ணாடி உடைந்தாலும் அந்தப் பக்கம் மறுபடி திறக்கும். அப்போது நான் அன்றைக்கு விடுப்பில் இருக்கலாம். வீட்டுக்கு வந்தும் சாப்பிட உட்காரவில்லை, நின்றபடியே தின்றேன்.

ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. ஆவணி முதல் நாள். முதல் வேலையாக, கோப்பி போடுவதற்கும் முன்னால், உட்கார்ந்து எழுதினேன். செவ்வாய் காலை அவன் சொன்னதை இம்முறை இரண்டு பாதியும் சேர்த்து, அவன் சொன்ன சொற்களிலேயே. கேஜ் காட்டிய எண்களும் நேரங்களும். சல்லடையில் இருந்தது என்ன, அது அங்கே வந்தது யாரால், ஓட்டச் சொன்னது யார். பேரிங்கில் செம்பு தெரியவில்லை என்பது. ஓட்டுநர் ஒவ்வொரு முறையும் எஞ்சினை அணைத்ததால்தான் அது பிழைத்தது என்று மெக்கானிக் சொன்னது. அடியில் கையெழுத்திட்டு, தேதியிட்டு, கடைக்குப் போய் இரண்டு படி எடுத்தேன். ஒன்று முதலாளியின் மேசையில். இன்னொன்றை, வாடகை வேனில் ஏறப்போன அவனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"பாஸ்போர்ட்டோட வச்சுக்க. நாளைக்கு யாராவது நீ எஞ்சினைக் கெடுத்தேன்னு சொன்னா, நீட்டு."

அவன் தெருவிளக்கின் கீழ் நின்று படித்தான். உதடு அசைய, ஒவ்வொரு வரியாக.

"என்னண்ணே, ஒங்க பேரு மூணு எடத்துல வருது?"

"நாலு," என்றேன். "பின்பக்கம் பாரு."